சளி சிரப் கொடுத்த இரவில் பிள்ளை தூங்காமல் துள்ளுவது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். ஐந்து மாதங்களாக விடியற்காலைத் தும்மலும் மூக்கடைப்பும் கண் அரிப்பும் அவனை விடவில்லை. மருத்துவர் தினமும் இரவில் கொடுக்கச் சொல்லி மாண்டெலுகாஸ்ட், லெவோசெட்ரிசின் இரண்டும் சேர்ந்த சிரப் எழுதிக் கொடுத்தார். சளி அதிகமாகும் நாட்களில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சளி சிரப்பையும் சேர்த்துக் கொடுக்கிறேன். அதைக் குடித்தால் தூக்கம் வரும் என்கிறார்கள். இவனோ அன்றைக்கு இரவு 11 மணி வரை கட்டிலில் ஏறிக் குதிக்கிறான். 'ஓர் இடத்தில் உட்காருவதில்லை, ஹைப்பர் ஆக்டிவாக இருக்கிறான், டாக்டரிடம் காட்டுங்கள்' என்று பள்ளி ஆசிரியை சொல்லிவிட்டார். அலர்ஜி மருந்தால்தான் ஏ.டி.எச்.டி. வந்துவிட்டது என்கிறார் என் நாத்தனார். எல்லா மருந்தையும் நிறுத்திவிடலாமா? ஒன்றரை வயது மகளுக்கும் சளி பிடித்தால் இதே சிரப்பைக் கொடுக்கலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அது காத்திருக்கக் கூடாதது. மகளுக்கு அந்தச் சிரப்பை ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். சளி சிரப்புகளில் பெரும்பாலும் இருக்கும் குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கலவையை 4 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிட வேண்டும் என, இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2023 டிசம்பரில் உத்தரவிட்டார். அந்த வயதில் சளிக்கு மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டும், போதிய தாய்ப்பாலும் நீராகாரமும், காய்ச்சல் இருந்தால் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமாலும் போதும்.

இனி மகனைப் பற்றி. தூக்கம் தரும் என்று கொடுத்த மருந்து பிள்ளையைத் துள்ள வைப்பது உங்கள் கற்பனை அல்ல. மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக அறிந்த விளைவு அது, மருந்து உடலை விட்டு நீங்கும்போது தானும் நீங்கிவிடும். ஏ.டி.எச்.டி. என்பதோ கவனம் சிதறுவதும் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் துள்ளுவதும் பிள்ளையின் மூளை வளர்ச்சியோடு சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் தொடரும் ஒரு நிலை. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிவதால்தான் உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் இத்தனை குழப்பம். அலர்ஜி மருந்து ஏ.டி.எச்.டி.யை உண்டாக்குகிறது என்று நிறுவிய ஆய்வு எதுவும் இல்லை. ஆனால் தவறான அலர்ஜி மருந்தைக் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை ஏ.டி.எச்.டி. பிள்ளை என்று எண்ணிவிடுவது நடக்கிறது. உங்கள் மகன் விஷயத்தில் எனக்குள்ள கவலை அதுதான்.

உங்கள் கையில் உள்ள இரண்டு பாட்டில்களின் லேபிள்களையும் வெளிச்சத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். இரவில் கொடுக்கும் சிரப்பில் லெவோசெட்ரிசின் இருக்கிறது, அது ஓர் ஆன்டிஹிஸ்டமின், அதாவது அலர்ஜியின்போது உடல் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுக்கும் மருந்து. சளி சிரப்பில் குளோர்பெனிரமின் இருந்தால் அதுவும் ஆன்டிஹிஸ்டமின்தான். அதாவது சளி கூடிய நாட்களில் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மருந்துகள் உங்கள் மகனின் உடலுக்குள் போகின்றன. கூடவே இருக்கும் பினைலெப்ரின் மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதற்கானது, சில பிள்ளைகளுக்குப் படபடப்பையும் தூக்கமின்மையையும் தரக்கூடியது. பெயர்களும் நிறங்களும் வேறாக இருப்பதால், இரண்டு பாட்டிலிலும் இருப்பது ஒரே இனம் என்று எந்தத் தாய்க்கும் எளிதில் தெரியாது.

ஆன்டிஹிஸ்டமின்கள் எல்லாம் ஒன்றல்ல. ஹிஸ்டமின் என்றதும் நமக்குத் தும்மலும் தடிப்பும்தான் நினைவுக்கு வருகின்றன, ஆனால் மூளைக்குள் அதற்கு வேறு வேலை இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸின் பின்பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்புக்கூட்டம் ஹிஸ்டமினைச் சுரந்து மூளை முழுவதையும் விழிப்பாக வைத்திருக்கிறது, கவனமும் நினைவும் அதைச் சார்ந்திருக்கின்றன. 1940களில் வந்த பழைய தலைமுறை மருந்தான டைபென்ஹைட்ரமினும், அதே தலைமுறையைச் சேர்ந்த புரோமெத்தசின், குளோர்பெனிரமின், அவில் என்ற பெயரில் நம் வீடுகளில் புழங்கும் பெனிரமின் போன்றவையும், ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பைத் தாராளமாகக் கடந்து உள்ளே போய்விடுகின்றன. பின்னர் வந்த செட்ரிசின் (உங்கள் மகன் குடிக்கும் லெவோசெட்ரிசின் இதன் ஒரு வடிவம்தான்), லோரட்டடின், பெக்ஸோபெனடின் போன்றவற்றை அந்தத் தடுப்பில் உள்ள ஒரு புரதம் வெளியே தள்ளிவிடுகிறது. ஜப்பானின் செண்டாய் நகரில் உள்ள தொஹோகு பல்கலைக்கழகத்தில் கசுஹிகோ யனாய் குழுவினர் மருந்து மூளையில் எங்கே ஒட்டுகிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் மூலம் பெரியவர்களின் மூளையில் இதை அளந்து பார்த்தார்கள். குளோர்பெனிரமின் 2 மில்லிகிராம் அளவிலேயே மூளையில் ஹிஸ்டமின் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளில் ஏறத்தாழப் பாதியைப் பிடித்துக்கொள்கிறது. செட்ரிசின் 10 மில்லிகிராம் கொடுத்தபோது எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பிடிபட்டது. பெக்ஸோபெனடின் மூளைக்குள் போனதற்கு அடையாளமே கிட்டத்தட்ட இல்லை.

அப்படியானால் தூங்க வேண்டிய பிள்ளை ஏன் துள்ளுகிறான்? இதற்கு ஒரே விடை இல்லை, மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன என்று நினைக்கிறேன். பழைய ஆன்டிஹிஸ்டமின்கள் ஹிஸ்டமினை மட்டும் தடுப்பதோடு நிற்பதில்லை, அசிட்டைல்கோலின் என்னும் மற்றொரு நரம்புக் கடத்தியையும் தடுக்கின்றன. அந்தத் தடுப்பு கூடும்போது வாய் உலர்ந்து, கண்பாவை விரிந்து, மனம் நிலைகொள்ளாமல் தவிக்கும். இரண்டாவது, கல்லீரலின் வேறுபாடு. இந்த மருந்துகளில் சிலவற்றைச் சிதைக்கும் சி.ஒய்.பி. 2டி6 என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே மிக வேகமாக இயங்கும். டைபென்ஹைட்ரமின் குடித்ததும் தூங்காமல் கிளர்ச்சி அடைந்த மூன்று பேர் அத்தகைய உடலமைப்புக் கொண்டவர்கள் என்று 2008-இல் வெளியான ஒரு கட்டுரை காட்டியது. மூன்றே பேர் என்பதால் அதை முடிவாகக் கொள்ள முடியாது, என்றாலும் ஒரே வீட்டில் ஒரு பிள்ளை தூங்கி இன்னொரு பிள்ளை குதிப்பதற்கு அது ஒரு விளக்கமாக இருக்கலாம். மூன்றாவது காரணத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டில் இரவு நேரம் தப்பிப்போன பிள்ளைகள் மண்டபம் முழுக்க எப்படி ஓடுகிறார்கள்! கண் சொக்கும் பெரியவர் நாற்காலியில் சாய்வார். கண் சொக்கும் பிள்ளையோ தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் தளர்ந்துபோய் இன்னும் வேகமாக ஓடுவான். அரைத் தூக்கத்தைத் தரும் மருந்து பிள்ளையை அந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒருத்தியை இரவு பத்து மணிக்கு என் கிளினிக்குக்குத் தூக்கி வந்தார்கள். மறுநாள் பயணம் இருந்ததால், நன்றாகத் தூங்கட்டும் என்று பாட்டி அரிப்புக்கு வைத்திருந்த சிரப்பை சமையலறைக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்திருந்தார். குழந்தை என் மேசையின் மேல் ஏறி, இல்லாத பூச்சியைச் சுவரில் காட்டிக் காட்டிச் சிரித்தாள். உதடு உலர்ந்திருந்தது, கன்னம் சிவந்திருந்தது, டார்ச் வெளிச்சத்திலும் கண்பாவை சுருங்கவில்லை. அன்றிரவு மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்தோம், காலையில் தாயின் மடியில் சாதுவாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். அந்தப் பாட்டி அழுத அழுகை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, அளவு மூடியைப் பற்றியும் இந்த எதிர்மாறான விளைவைப் பற்றியும் யாரும் அவரிடம் சொன்னதில்லை.

உங்கள் நாத்தனார் சொன்னதை ஆய்வுகளோடு வைத்துப் பார்ப்போம். வியப்பான செய்தி ஒன்று உண்டு: 1950களில் அமெரிக்க மருத்துவர்கள், அடங்காத நடத்தை கொண்ட குழந்தைகளை அமைதிப்படுத்துவதற்கு டைபென்ஹைட்ரமினையே கொடுத்துப் பார்த்தார்கள். சில குழந்தைகள் அடங்கினார்கள் என்றும் எழுதினார்கள். ஆனால் மந்தப்படுத்துவது வேறு, கவனத்தைக் கூட்டுவது வேறு. 1993-இல் நெதர்லாந்தில் 10 முதல் 12 வயதுள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது. மகரந்த அலர்ஜி உள்ள பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே பாடத்தைக் கற்றார்கள், டைபென்ஹைட்ரமின் கொடுக்கப்பட்டவர்களின் நிலை இன்னும் மோசமானது, லோரட்டடின் கொடுக்கப்பட்டவர்கள் ஓரளவு மீண்டார்கள். தும்மலைக் கவனிக்காமல் விட்டாலும் படிப்பு கெடும், தவறான மருந்தால் கவனித்தாலும் படிப்பு கெடும் என்பதே இதன் பொருள். எல்லா மருந்தையும் நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லாததற்குக் காரணமும் இதுதான்.

புதிய தலைமுறை மருந்துகளை நெடுநாள் கொடுத்தால் நடத்தை கெடுமா என்பதற்கு ஓரளவு நல்ல விடை கிடைத்திருக்கிறது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் தோல் அலர்ஜி உள்ள, 1 முதல் 2 வயதுக்கு உட்பட்ட 817 குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பாதிக்குச் செட்ரிசினும் மறுபாதிக்கு மருந்தில்லாத சிரப்பும் 18 மாதங்கள் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் மருத்துவருக்கும் தெரியாது. அந்த ஆய்வின் குழந்தைகளுடைய நடத்தை, அறிவு வளர்ச்சி, உடலியக்க வளர்ச்சி ஆகியவற்றைப் பிரிட்டன் உளவியலாளர் ஜிம் ஸ்டீவன்சன் குழுவினர் அளந்து 2002-இல் வெளியிட்டார்கள். இரு தரப்புக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உங்கள் அச்சத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வு என்று நான் இதைத்தான் காட்டுவேன்.

எதிர்த்திசையில் பேசும் ஆய்வையும் மறைக்க விரும்பவில்லை. 2018-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், தோல் அலர்ஜி உள்ள பள்ளி வயதுப் பிள்ளைகளில் முன்பு ஆன்டிஹிஸ்டமின் எடுத்தவர்களிடம் ஏ.டி.எச்.டி. சார்ந்த அறிகுறிகள் கூடுதலாகக் காணப்படுவதாக எழுதினார்கள். நாத்தனாரின் காதுக்கு எட்டிய செய்தி ஒருவேளை இதுவாக இருக்கலாம். ஆனால் அவர்கள் மருந்து கொடுத்துப் பின்தொடர்ந்து பார்க்கவில்லை, ஏற்கெனவே மருந்து எடுத்த பிள்ளைகளைப் பின்னோக்கிப் பார்த்தார்கள். யாருக்கு அரிப்பு அதிகமோ அவர்களுக்குத்தான் மருந்தும் அதிகம் கொடுத்திருப்பார்கள். அரிப்பு அதிகமான பிள்ளை இரவெல்லாம் சொறிந்துகொண்டு விழித்திருக்கும், விழித்திருந்த பிள்ளை பகலில் நிலைகொள்ளாது. அந்தத் துள்ளலுக்குக் காரணம் மருந்தா, அரிப்பா, கெட்ட தூக்கமா என்று அத்தகைய ஆய்வால் பிரித்துச் சொல்ல இயலாது. அதன் ஆசிரியர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது, கேள்வியை விடையாக எடுத்துக்கொள்வதுதான் தவறு.

ஹிஸ்டமினுக்கும் துள்ளலுக்கும் தொடர்பு எதுவுமே இல்லையா என்றால், அது இன்னொரு வழியாக இருக்கக்கூடும். அதே ஸ்டீவன்சன் இடம்பெற்ற சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு, 3 வயதுக் குழந்தைகள் 153 பேருக்கும் 8, 9 வயதுப் பிள்ளைகள் 144 பேருக்கும் செயற்கை நிறங்களும், உணவு கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தைக் கொடுத்துப் பார்த்து, துள்ளல் சற்றே கூடுவதாக 2007-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதியது. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோல் பாதிக்கப்படவில்லை. ஏன் என்று தேடியபோது, மூளையில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியின் மரபணு வேறுபாடு அதில் பங்கு வகிப்பதாக 2010-இல் அதே குழு காட்டியது. அந்த ஆண்டு ஜூலை முதல், ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த ஆய்வில் இடம்பெற்ற ஆறு நிறங்கள் சேர்ந்த உணவுப் பொருட்களில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. அவற்றுள் டார்ட்ரசைன், சன்செட் எல்லோ, கார்மோய்சின், பொன்சோ 4ஆர் ஆகியவை நம் நாட்டில் உணவில் அனுமதிக்கப்பட்டவை. சிரப்பின் நிறத்தைவிட, பிள்ளை பள்ளி வாசலில் வாங்கித் தின்னும் மிட்டாயிலும் பாட்டில் பானத்திலும்தான் அவை அதிகம் என்பதால், சிரப்பை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு அவற்றை விட்டுவிடாதீர்கள்.

இப்போது, உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன மாண்டெலுகாஸ்டுக்கு வருகிறேன். அது ஆன்டிஹிஸ்டமின் அல்ல, ஆனால் நம் ஊரில் லெவோசெட்ரிசினோடு சேர்த்தே பெரிதும் எழுதப்படுவதால் இரண்டும் ஒரே மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். தூக்கம் கெடுதல், கெட்ட கனவு, எரிச்சல், ஆவேசம், மனச்சோர்வு போன்ற விளைவுகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 மார்ச்சில் இந்த மருந்துக்கு மிக உயர்ந்த நிலை எச்சரிக்கையை விதித்தது. மூக்கு அலர்ஜிக்கு மட்டும் என்றால், மற்ற மருந்துகள் பலனளிக்காதபோதுதான் இதை எண்ண வேண்டும் என்றும் சொன்னது. பெரும்பாலான பிள்ளைகள் எந்தத் தொல்லையும் இல்லாமல் இதைக் குடிக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் தினமும் இதைக் குடிக்கும் ஒரு பிள்ளை தூங்காமல் தவிக்கிறான் என்று கேட்டால், நான் முதலில் சந்தேகப்படுவது சளி சிரப்பையும் மாண்டெலுகாஸ்டையும்தான். லெவோசெட்ரிசின் என் பட்டியலில் கடைசியில் வரும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. மெடிக்கல் ஷாப் சளி சிரப்பை இன்றோடு நிறுத்துங்கள், அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை. இரவுச் சிரப்பை எழுதிய மருத்துவரிடம் இந்த வாரமே போய், மகனுக்கு மூச்சிரைப்பு உண்டா, மாண்டெலுகாஸ்ட் அவனுக்குக் கட்டாயம் தேவையா என்று கேளுங்கள். ஆஸ்துமாவுக்காக எழுதியிருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மூக்கு அலர்ஜிக்கு மட்டுமே என்றால், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தினமும் ஒழுங்காகப் பயன்படுத்துவதுதான் முதன்மையான மருத்துவம். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம், மருத்துவர் சொன்ன அளவில் அடித்தால் அதில் மிகச் சிறு பங்குதான் ரத்தத்தில் கலக்கிறது, பிள்ளையின் உயரத்தை மட்டும் அவர் அவ்வப்போது அளந்து பார்த்துக்கொள்வார். வாய்வழி மருந்து தேவைப்பட்டால் பெக்ஸோபெனடின் பொருந்துமா என்று கேட்கலாம். அதைத் தண்ணீரோடு கொடுக்க வேண்டும், ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகளோடு கொடுத்தால் உடல் அதை ஏற்பது குறைந்துவிடும்.

மூன்று வாரங்களுக்கு ஒரு நோட்டில் நான்கு செய்திகளை மட்டும் எழுதி வாருங்கள்: எந்த மருந்து எத்தனை மணிக்கு எவ்வளவு, எத்தனை மணிக்குத் தூங்கினான், இரவில் குறட்டை விட்டானா அல்லது வாயைத் திறந்து மூச்சு விட்டானா, மறுநாள் பள்ளியில் எப்படி இருந்தான். குறட்டையைக் குறிப்பாகச் சொல்கிறேன். மூக்கின் பின்னே உள்ள அடினாய்டு என்னும் சதை வீங்கி மூச்சடைக்கும் பிள்ளைகள் இரவில் ஆழ்ந்து தூங்காமல் பகலில் துள்ளுவதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன், அவர்களில் பலருக்கு மூக்கைச் சரிசெய்ததும் ஆசிரியையின் புகாரும் நின்றுபோனது.

பழைய மருந்துகளின் தாக்கம் நீங்கி, மூக்கும் தூக்கமும் சரியான பிறகும் துள்ளல் குறையவில்லை என்றால், அப்போது ஏ.டி.எச்.டி. மதிப்பீட்டுக்குப் போவது சரி. அந்தக் கணிப்புக்கு அறிகுறிகள் குறைந்தது 6 மாதம் தொடர்ந்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தென்பட வேண்டும், வேறு காரணத்தால் விளக்க முடியாததாக இருக்க வேண்டும். சளி சிரப் குடித்த இரவுகளில் மட்டும் வரும் துள்ளல் இதில் சேராது. ஆனால் அலர்ஜி தொடங்குவதற்கு முன்பே, பாலர் பள்ளியிலேயே அவன் இப்படித்தான் இருந்தான் என்று உங்களுக்கு நினைவிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஏ.டி.எச்.டி. இருப்பது உங்கள் வளர்ப்பின் குறையாகாது, நல்ல உதவி கிடைக்கக்கூடிய நிலைதான். ஆசிரியை மேல் வருத்தம் கொள்ள வேண்டாம். அவர் கண்டதைச் சொல்லியிருக்கிறார், அந்த நோட்டின் கடைசி வரியை நிரப்ப உங்களுக்கு அவர் உதவி தேவை.

வீட்டில் இருக்கும் மற்ற பாட்டில்களையும் பார்த்துவிடுங்கள். பசி எடுப்பதற்கு என்று கொடுக்கப்படும் டானிக்குகள் சிலவற்றில் சைப்ரோஹெப்டடின் இருக்கும், அதுவும் பழைய தலைமுறை ஆன்டிஹிஸ்டமின்தான். பயணத்துக்கு முன் கொடுக்கும் புரோமெத்தசினும் அதே இனம், 2 வயதுக்குக் கீழ் அது மூச்சையே அடக்கிவிடக்கூடும் என்று 2004 முதல் எச்சரிக்கப்படுகிறது. தூங்க வைப்பதற்காக இந்த மருந்துகளைக் கொடுக்கும் வழக்கத்துக்கு ஆய்வின் ஆதரவும் இல்லை. 2006-இல் அமெரிக்காவில் 44 கைக்குழந்தைகளிடம் டைபென்ஹைட்ரமினைச் சோதித்தபோது, வெறும் சிரப்பைவிட அது எந்த வகையிலும் மேலாக இல்லாததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். சொட்டு மருந்து பாட்டிலும் சிரப் பாட்டிலும் ஒரே பெயரில் இருந்தாலும் சொட்டு மருந்து பல மடங்கு செறிவானது, சிரப்பின் அளவில் அதை ஊற்றிவிடக் கூடாது. பிள்ளைக்கு எப்போதாவது முகம் சிவந்து, வாய் உலர்ந்து, கண்பாவை விரிந்து, இல்லாததை இருப்பதாகப் பேசினாலோ, வலிப்பு வந்தாலோ காலைவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள், கொடுத்த பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இந்த வாரம் மருத்துவரிடம் போகும்போதும் இரண்டு பாட்டில்களையும் அப்படியே பையில் போட்டுக்கொண்டு போங்கள். மூன்று வாரம் கழித்து நோட்டில் என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.